தொப்பிக்கு அடியில் போன இறகு

நான் அதிகம் படித்தவள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு சரி. எழுத்து கோணலாக வரும். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறொன்றில் போய் நிற்பேன். பாதி மறந்தும் போச்சு. படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் தென்காசிப் பெண் விடாமல் கேட்டதால்தான் எழுத உட்கார்ந்தேன். வாயால் சொல்லச் சொன்னால் எனக்கு வராது. சின்ன வயதிலிருந்தே நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தக் குணம்தான் ஒரு நாள் அப்பாவைக் காப்பாற்றியது என்று எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அது அவ்வளவு சரியில்லை என்று போன வாரம்தான் தெரிந்தது.

எங்கள் ஊர் ஜூஜுவாடிக்குப் பக்கம். இப்போது கம்பெனி காம்பவுண்டுகளாக இருக்கும் இடமெல்லாம் அப்போது கேழ்வரகுக் கொல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் எல்லைக் கல் நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் மைசூர், இந்தப் பக்கம் மெட்ராஸ். எங்கள் கோழிகள் காலையில் மெட்ராஸில் முட்டையிட்டுவிட்டு மத்தியானம் மைசூரில் மேயும். எங்களுக்கும் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே மூச்சில் வரும்.

கோழிகளைப் போலவே அந்தக் கல்லைக் கவனிக்காத இன்னொருவர் அமெரிக்காவிலிருந்து வந்தார். சீனாச் சண்டை முடிந்திருந்த சமயம் அது. நான் மூன்றாம் வகுப்பு. மைசூர்ப் பக்கத்து கிராமங்களில் கோழி வளர்க்கச் சொல்லிக்கொடுக்க வந்த வெள்ளைக்காரப் பையன். அகலமான தொப்பி போட்டுக்கொண்டு சைக்கிளில் வருவார். வெயிலில் காது இரண்டும் பழுத்த மிளகாயாகச் சிவந்திருக்கும். கன்னடத்தை ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்துப் பேசுவார். ஊரில் அவரைத் தொரை என்று கூப்பிட்டோம்.

அவர் ஒருநாள் கூடையில் ஒரு சேவலைக் கொண்டுவந்தார். ஆர்.ஐ.ஆர். என்று அதற்குப் பேர் சொன்னார். இந்தச் சேவல் இருக்கிற ஊரில் நாட்டுச் சேவல் ஒன்றுகூட இருக்கக் கூடாது, அப்போதுதான் பிறக்கிற குஞ்செல்லாம் பெரிசாக இருக்கும் என்றார். ஊரார் நம்பி, தங்கள் சேவலையெல்லாம் அத்திப்பள்ளிச் சந்தையில் விற்றுவிட்டார்கள். அந்தப் பாதையில் முதல் வீடு எங்களுடையது என்பதால் சேவலை அப்பா கையில் கொடுத்தார். தான் இன்னும் மைசூரில்தான் நிற்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்காததால் நாங்களும் சொல்லவில்லை.

அப்படி ஒரு சேவலை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. உடம்பு முழுக்கச் செங்கல் நிறம். வெயில் பட்டால் துலக்கி வைத்த செம்புச் சொம்பு. வால் மட்டும் கறுப்பு, அந்தக் கறுப்புக்குள் பச்சை ஓடும். ஆனால் சமர்த்து போதாது. நாய் வந்தால் ஓடாது, நின்று பார்க்கும். மரம் ஏறத் தெரியாது. யார் குனிந்தாலும் தீனி என்று பக்கத்தில் வந்து நிற்கும்.

"இது சேவல் இல்லணா, சர்க்கார் ஊட்டு மாப்பிள்ளை" என்பார் சித்தப்பா.

அந்த வருஷம் மாரியம்மன் பண்டிகை வந்தது. எனக்கு அம்மை போட்டு இறங்கியதற்கு அம்மா ஒரு சேவல் வேண்டிக்கொண்டிருந்தாள். சித்தப்பா சந்தையிலிருந்து ஒரு நாட்டுச் சேவலை வாங்கிவந்து கட்டினார். எப்படிக் கட்டினாரோ, பண்டிகையன்று காலை அது கோயிலுக்குப் பக்கத்துப் புளியமரத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. கீழே பம்பை அடிக்கிறார்கள். பையன்கள் கல்லைப் பொறுக்கினார்கள்.

"கல்லால அடிக்காதீங்கடா, அடிபட்டது அம்மனுக்கு ஆவாது!" என்று அப்பா கத்தினார்.

"சீக்கிரம் ஆவட்டும்பா" என்றார் பூசாரி. "அம்மன் காத்துக்கினு இருக்கிறா. நானும் காலையிலிருந்து பச்சைத் தண்ணி குடிக்கல."

சித்தப்பா பாதி மரம் ஏறி, எறும்பு கடித்துத் திரும்ப இறங்கினார். "அது வராதுணா. அதுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு."

அவர் காலைச் சொறியக் குனிந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் சிவப்புச் சேவல் கூட்டத்துக்கு நடுவே நடந்து வந்து, தீனி கிடைக்கும் என்று அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தது. பம்பைக்காரர்கூடக் கையை நிறுத்திவிட்டார்.

"வேணாம்டா" என்றார் அப்பா.

"நான் ஒண்ணுமே சொல்லலியே!"

அம்மா என்னை இழுத்து முன்னால் நிறுத்தினாள். "புள்ள முகத்தைப் பாருங்க. தழும்புகூட இல்லாம எடுத்துக்கினு போயிருக்கிறா. இன்னிக்குக் குடுக்காம விட்டு, நாளைக்கு அவ கோவிச்சுக்கினா யாரு பதில் சொல்றது? சர்க்காரா சொல்லும்?"

சித்தப்பா குனிந்து சிவப்புச் சேவலைத் தூக்கிக்கொண்டார். அப்பா மட்டும் கோயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். தன் கண்ணால் பார்க்கவில்லை என்று பின்னால் சத்தியம் செய்ய வசதியாக இருக்கட்டும் என்றுதான். எல்லாம் முடிந்த பிறகு நான் ஒரு வால் இறகை எடுத்துப் பாவாடையில் செருகிக்கொண்டேன்.

பண்டிகைக்குத் தொரையைச் சாப்பிட வரச் சொல்லியிருந்தது எங்கள் எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது. குழம்பு கொதிக்கும்போது சைக்கிள் மணி கேட்டது.

"ஹுஞ்ஜ எல்லி?" சேவல் எங்கே என்பதுதான் வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி.

"மேயப் போச்சுங்க" என்று சித்தப்பா கன்னடத்தில் சொன்னார். "மைசூர்ப் பக்கமாத்தான் போச்சு."

தொரை சம்மணம் போட்டு உட்கார்ந்து, களியைக் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டார். காரத்தில் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். இருந்தும் விடவில்லை. தட்டை மறுபடி நீட்டினார். அம்மா ஒரு தொடைத் துண்டாகப் பார்த்து வைத்தாள். வேறு என்ன செய்வாள்?

பேச்சு மறுபடி சேவலுக்குப் போய்விடும் என்று அப்பாவுக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். உங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டுவைத்தார். தொரை எங்கள் முறத்தைக் காட்டி, இது அமெரிக்கா என்றார். பிறகு ஒரு கேழ்வரகு மணியை எடுத்து முறத்தின் ஓரத்தில் வைத்தார். இதுதான் எங்கள் மாநிலம், அத்தனை மாநிலத்திலும் இதுதான் சின்னது என்றார். முன்காலத்தில் அவர்களையும் சீமை ராஜாதான் ஆண்டாராம். ராஜா வேண்டாம் என்று முதலில் சொன்னது அந்தக் கேழ்வரகு மணிதானாம். பிறகு எல்லாரும் ஒன்றாகக் கூடிச் சட்டம் எழுதியபோது, முதலில் இருந்தவர்களுக்குள் கடைசியாக ஒத்துக்கொண்டதும் அதுதானாம்.

"சண்டைக்கு மொத ஆளு, சமாதானத்துக்குக் கடைசி ஆளு" என்றார் சித்தப்பா. "நம்ம அண்ணி மாதிரி."

"உன் தட்டுல இருக்கறதைத் தின்னு" என்றாள் அம்மா.

அதற்கும் முன்னால் நடந்த இன்னொன்றையும் தொரை சொன்னார். வரி பிடிப்பதற்காக ராஜாவின் கப்பல் ஒன்று வந்து ஜனங்களை ரொம்பத் தொந்தரவு செய்ததாம். ஒரு படகைத் துரத்திப் போனபோது கப்பல் மணலில் சிக்கிக்கொண்டது. ஊர்க்காரர்கள் படகுகளில் போய், ஆட்களை இறக்கிவிட்டுக் கப்பலைக் கொளுத்திவிட்டார்கள். ராஜா விசாரணை வைத்தார். யார் செய்தது என்று சொன்னால் பெரிய பரிசு என்றார். ஊருக்கே தெரியும், ஆனால் சொல்லவில்லை.

"ஒருத்தருமா சொல்லல?" என்று அப்பா கேட்டார்.

"யாரூ ஹேளலில்லா" என்றார் தொரை. ஒருத்தருமே சொல்லவில்லையாம்.

அப்பா பெருமூச்சு விட்டார். எனக்குக் கதையில் மனம் இல்லை. இன்னொரு துண்டு எனக்கு வருமா என்று சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்து ஜீப் வந்தது. மைசூர்ப் பக்கத்துக் கோழி ஆபீசரும் தொரையும் இறங்கினார்கள். குஞ்சு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்த ஆபீசர், பின்பக்கம் போய் எல்லைக் கல்லைப் பார்த்துவிட்டார்.

"இது மெட்ராஸ்! நம்ம சர்க்கார் சேவலை மெட்ராசுக்கா குடுத்தீங்க?" என்று கன்னடத்தில் கத்தினார். தொரை அந்தக் கல்லை அப்போதுதான் முளைத்தது போலப் பார்த்தார். காது இன்னும் சிவந்தது.

"சேவலைக் கொண்டா" என்றார் ஆபீசர் அப்பாவிடம்.

அப்பா வேலியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் புளியமரத்து நாட்டுச் சேவல் எங்கள் கூரை மேல் நின்று கூவியது. பண்டிகை முடிந்த மறுநாளே அது இறங்கி வந்து எங்களோடு இருக்க ஆரம்பித்திருந்தது.

"நாட்டுச் சேவலே இருக்கக் கூடாதுன்னு பேச்சு. அது யாரு?" என்று கேட்டார் ஆபீசர்.

"அது விருந்தாளிங்க" என்றார் சித்தப்பா.

ஆபீசருக்கு முகம் மாறிவிட்டது. சர்க்கார் சேவலை விற்றுவிட்டு விளையாடுகிறீர்களா, ஸ்டேஷனில் வந்து சொல், ஏறு ஜீப்பில் என்று அப்பாவின் தோளைப் பிடித்தார். அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஜீப்பில் ஏற்றிப் போனவர்கள் எப்படித் திரும்பி வருவார்கள் என்று பெரியவர்கள் பேசி நான் கேட்டிருக்கிறேன்.

நான் வாசலில் மண்ணால் கோயில் கட்டி விளையாடிக்கொண்டிருந்தவள். கோயில் உச்சியில் கொடியாக நட்டிருந்தது அந்த வால் இறகு. அதை எடுத்து மறைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஆபீசர் என்னைப் பார்த்தார். ஜேபியிலிருந்து பெப்பர்மின்ட் எடுத்துக்கொண்டு எனக்கு எதிரே வந்து குந்தினார். "ஹேளு மகு, சேவல் எங்கே? சொன்னால் இது உனக்கு" என்றார். அவர் என் முகத்தையே பார்த்ததால் பக்கத்தில் ஆடிய இறகைப் பார்க்கவில்லை. ஆனால் தலையை ஒரு பக்கம் திருப்பினால் போதும்.

அப்போது தொரை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முகத்துக்கு விசிறிக்கொண்டார். பிறகு அதை மெதுவாக என் கோயிலின் மேல் வைத்தார்.

கோயில் நசுங்கியது. என் கோயில் என்று கத்த வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. ஆபீசர் நான் சொல்லப்போகிறேன் என்று இன்னும் கிட்டே வந்தார்.

"நரி" என்றார் தொரை.

"என்ன?"

"நரி. நானு நோடிதெ."

நரி தூக்கிப் போனதைத் தானே பார்த்தாராம். ஆபீசர் எழுந்து இங்கிலீஷில் அவரை என்னென்னவோ கேட்டார். தொரை எல்லாத் தப்பும் தன்னுடையது என்பது போல் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். கல்லையும் காட்டினார். ஆபீசரின் கோபமெல்லாம் அவர் மேல் திரும்பி, அப்பாவின் தோள் விடுபட்டது.

"நரிக்குப் பயந்துதாங்க இந்த விருந்தாளி கூரை மேலயே இருக்குது" என்று சித்தப்பா முடித்துவைத்தார்.

கிளம்பும்போது தொரை தொப்பியை மண்ணோடு சேர்த்து அள்ளி, நெஞ்சில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்பாவைப் பார்த்து, "நம்ம ஊரூ சிக்க ஊரே" என்றார். எங்கள் ஊரும் சின்ன ஊர்தான் என்று அர்த்தம். பாவம், ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

ஜீப் மறைந்ததும் அம்மா வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தார். சித்தப்பா மட்டும் சிரித்தார். "அமெரிக்காக்காரனுக்கு நம்ம ஊரு நாயும் நரியும் ஒண்ணுதான்ணா. எதையோ பாத்துட்டு நரின்னுட்டான். புள்ளையைப் பாரு, மிட்டாய்க்குக்கூட வாயத் தொறக்கல!" எல்லாரும் என்னைத் தூக்கிக் கொஞ்சினார்கள். நான் அழுதேன். பயத்தில் அழுகிறேன் என்றார்கள். அது இல்லை. மண்ணையெல்லாம் கிளறிப் பார்த்தேன், என் இறகைக் காணோம். பெப்பர்மின்ட்டும் ஜீப்போடு போய்விட்டது.

அதற்குப் பிறகும் சில மாதம் தொரை அந்தப் பக்கம் வந்துபோனார். ஆனால் கல்லைத் தாண்ட மாட்டார். சைக்கிளை மைசூரில் நிறுத்திவிட்டுக் கையை ஆட்டுவார். அம்மா மோர் கொண்டுபோய்க் கல்லின் மேல் வைப்பாள். நான் மட்டும் போக மாட்டேன். கோயிலை நசுக்கி இறகைத் திருடிக்கொண்டு போனவரிடம் எனக்கு என்ன பேச்சு?

இத்தனை வருஷமும் அந்தக் கோபம் எங்கோ ஒரு மூலையில் இருந்தது. அப்பா, அம்மா, சித்தப்பா எல்லாரும், அந்த அப்பாவிப் பையனை ஏமாற்றிவிட்டோமே என்று சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தார்கள்.

போன வாரம் மத்தியானம் தென்காசிப் பெண் ஷிப்ட் முடிந்து வந்து, பரீட்சைக்குப் போனில் படித்துக்கொண்டிருந்தாள். தூக்கம் வராமல் இருக்கச் சத்தமாகப் படிப்பாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"ஆச்சி, அமெரிக்காவுல எல்லாத்துலயும் சின்ன மாநிலம் எது, சொல்லுங்க பாப்போம்?"

"கேழ்வரகு மணி" என்றேன். எப்படி வாயில் வந்ததோ.

அவள் சிரித்துவிட்டுப் படித்தாள். ரோட் ஐலண்டு என்று பேராம். மத விஷயத்தில் ஒத்துப்போகாததால் பக்கத்துச் சீமையிலிருந்து குளிர்காலத்தில் துரத்தப்பட்ட ஒருவர் வந்து உண்டாக்கியதாம். ராஜா வேண்டாம் என்றது, கடைசியாகச் சேர்ந்தது எல்லாம் வந்தது. பிறகு, "இங்க பாருங்க ஆச்சி, நமக்கு மயில் மாதிரி அவுகளுக்குக் கோழியாம்லா!" என்று போனைக் காட்டினாள். செங்கல் நிறம். கறுப்பு வால். அந்த மாநிலத்தின் பேரோடு, சிவப்பு என்பதற்கு ரெட் என்றும் சேர்த்து அந்தக் கோழிக்குப் பேர். அதன் இங்கிலீஷ் முதலெழுத்துகள்தான் ஆர்.ஐ.ஆர்.

அடுத்து அந்தக் கப்பலும் வந்தது. "பரிசு தாரோம்னு சொல்லியும் ஆளப் பிடிக்க முடியலையாம் ஆச்சி. ஊரே வாயத் தொறக்கல" என்றாள்.

கீரையைக் கீழே வைத்துவிட்டேன். யாரையும் காட்டிக்கொடுக்காத ஊர் என்றுதான் அவர் சிக்க ஊரு என்றார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறந்த மாநிலத்தின் கோழி. அதன் வால் இறகை அடையாளம் தெரியாமலா இருந்திருக்கும்? என் இறகை அவர் திருடவில்லை. ஆபீசர் கண்ணில் படாமல் எங்கள் வாசலிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவரை யாரும் ஏமாற்றவும் இல்லை. பண்டிகையன்று தட்டை இரண்டாம் தரம் நீட்டியபோதே அவருக்குத் தெரியுமா என்பதுதான் தெரியவில்லை. அதைக் கேட்க இப்போது யாரும் இல்லை.

அந்தக் கப்பல் விஷயமும், முதலில் கடைசியில் என்று நான் எழுதியிருப்பதும் சரிதானா என்று படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிட வேண்டும். இறகு விஷயத்தை மட்டும் பார்க்க வேண்டாம். அது எனக்கே தெரியும்.