சும்மா கிடைத்த ஜூம்லா

நேசமலருக்கு ஸ்ரீஸ்கந்தராசா பதினையாயிரம் ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. கையில் இல்லாமலில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ஒற்றைப் பையோடு வெள்ளவத்தைக்கு வந்து, கலியாணத் தரகிலேயே மூன்று அறை பிளாட் வாங்கிய மனிதர் அவர். இருநூற்றுப் பதினொரு சோடி பொருத்தியவர், ஒன்றுகூடப் பிரியவில்லை. ஒன்று பிரிந்ததுதான், அது சாதகம் எழுதியவனின் பிழை.

2007ஆம் ஆண்டு. யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடந்தது. மாப்பிள்ளை கனடாவில், பெண் யாழ்ப்பாணத்தில், நடுவில் தரகர். இதற்கு இணையத்தளம்தான் வழியென்று கண்டுபிடித்த முதல் தரகர் இவர்தான். அதே கட்டடத்து இரண்டாம் மாடியில் இருக்கும் நேசமலர், ஜூம்லா என்ற தளம் கட்டும் மென்பொருளில் பதினையாயிரத்துக்குச் செய்து கொடுத்தாள். படமும் விபரமும் இனி அவரே ஏற்றலாம்.

வங்கியில் காசை எடுத்துக்கொண்டு திரும்பியவர், வழியில் முகம் வழிக்க சலூனுக்குள் நுழைந்தார். அங்கே இருந்த அயலவர் முத்துலிங்கத்திடம் தளத்தின் கதையையும் கூலியையும் சொன்னார்.

“அண்ணை, உந்த ஜூம்லா உலகம் முழுக்கச் சும்மா குடுக்கிற சாமான். ஆரும் எடுக்கலாம், ஆரும் திருத்தலாம். அதுக்கோ பதினையாயிரம்?”

ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. காசு சட்டைப்பையிலேயே வீடு திரும்பியது. இரண்டு விரலால் மூன்று நாள் தட்டி, முப்பது பேரின் விபரத்தைத் தானே ஏற்றினார். கடிதம் அடிக்கும் அதே பாமினி எழுத்துருவில்தான். அவருடைய கணினியில் தமிழ் மணிமணியாய்த் தெரிந்தது.

நாலாம் நாள் கனடாவிலிருந்து, மகனுக்குப் பெண் தேடும் அன்னபாக்கியம் தொலைபேசியில் வந்தாள்.

“தரகர், உதென்ன பாசை? kzkfs; Njit எண்டு கிடக்கு. பொம்பிளை ரஷ்யாக்காரியோ?”

மாலைக்குள் ஏழு பேர் சிரித்துவிட்டார்கள். இருபத்தெட்டு வருடம் சம்பாதித்த பெயர்! ஒரே மூச்சில் இரண்டாம் மாடிக்கு ஏறினார்.

நேசமலர் திரையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயா, பாமினி உங்கட கொம்பியூட்டரில இருக்கு. அவையளிட்ட இல்லை. நீங்கள் அடிச்ச ‘மணமகள் தேவை’ அங்க வெறும் இங்கிலிஸ் எழுத்தாத்தான் தெரியும். எல்லாக் கொம்பியூட்டரிலயும் தெரியிற யுனிகோட்டில மாத்தோணும்.”

“மாத்திவிடு பிள்ளை. ஆனா சும்மா கிடக்கிற சாமானுக்கு நீ காசு கேட்டது ஞாயமோ?”

“ஜூம்லா சும்மாதான், ஓம். மாப்பிள்ளையும் பொம்பிளையும் கூடத்தான் ஊரில சும்மா கிடக்கினம். பிறகேன் ஐயா, ரெண்டு பக்கமும் தரகுக்காசு வாங்கிறியள்?”

ஸ்ரீஸ்கந்தராசா வயிறு குலுங்கச் சிரித்தார்.

“நீ தரகுக்கு வந்திருந்தா நான் கடையைப் பூட்டியிருப்பன்!”

அவள் கையை நீட்டினாள். ஆயிரம் ரூபாத் தாள்களை ஒவ்வொன்றாய்ச் சத்தமாக எண்ணி வைத்தார். பதினைந்து முடிந்தும் அவள் கை விரிந்தபடியே இருந்தது.

“இன்னும் என்ன?”

“முப்பது பேரையும் தமிழாக்கிற கூலி.”

“எல்லாமாப் பதினாறாயிரம்,” என்று இன்னொரு தாளை வைத்தார். அவள் அசையவில்லை. “சரி, பதினேழு!”