டெஸ்டரைத் திரும்பக் கூப்பிட அடி அண்ணாமலைக்குப் போனேன்

கிரிவலக் குறிப்பு தேடி வந்தவர்கள் மன்னிக்கவும், நான் சாமி கும்பிடப் போகவில்லை. எங்கள் மென்பொருள் குழுவின் டெஸ்டர் கலைச்செல்வி போன வாரம் ராஜினாமா கொடுத்தார். ரிலீஸுக்கு ஆறு நாள். கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலை வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், என் ஃபோனை எடுக்கவில்லை. குழுவை நடத்துகிறவன் நான். நேரில் பேசினால் மனம் மாறுவார் என்று லீவு போட்டுக் கிளம்பினேன்.

கிளாம்பாக்கத்தில் காலை 5.10 பஸ், டிக்கெட் 195 ரூபாய். விடியுமுன்பே இவ்வளவு கூட்டமா என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"பௌர்ணமி சார். தெரியாமயா வந்தீங்க?"

தெரியாமல்தான் வந்தேன். வேலையைச் சில வாரத் தவணைகளாகப் பிரிக்கும் எங்கள் ஸ்பிரிண்ட் காலண்டரில் பௌர்ணமி கிடையாது. கலைச்செல்வியிடம் என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஃபோனில் எழுதி எழுதி அழித்தேன்.

10.05க்கு ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். ரமணாசிரமம் தாண்டித் தடுப்பு வரை ஆட்டோ 250. "இதுக்கு மேல வண்டி போவாது சார்," என்றார் டிரைவர். மீதி நாலு கிலோமீட்டர் நடை. எல்லாரும் நிதானமாக நடக்க, நான் மட்டும் ஒவ்வொருவராக முந்திக்கொண்டிருந்தேன். 10.30க்கு எங்கள் தினசரி மீட்டிங். நேற்று என்ன செய்தீர்கள், இன்று என்ன, தடை உண்டா. ஆளுக்கு ஒரு நிமிடம்தான், அதில் எனக்குப் பெருமை வேறு. சிக்னல் கோடு முழுசாக இருந்தது, மீட்டிங் மட்டும் திறக்கவில்லை. ஐந்து முறை முயன்று எரிச்சலோடு விட்டேன்.

கலைச்செல்வி வீட்டு வாசலில் அம்மாவோடு மோர் விற்றுக்கொண்டிருந்தார்.

"இருங்க முரளி, கூட்டம் கம்மியாவட்டும்," என்று ஸ்டூல் போட்டார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு டம்ளர் ஊற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.

"ரெண்டு டெமோல நீங்க வரல. கிளையன்ட் முன்னாடி நான்தான்..."

"டெஸ்டர் ரெடியா இல்லனு சொன்னீங்க. ரெக்கார்டிங்ல கேட்டேன். ரெண்டு நாளும் பௌர்ணமிங்க. இவ்ளோ ஜனம் வந்தா நெட் எப்படி வரும்?"

"சொல்லியிருக்கலாமே?"

"ரெட்ரோல கார்டு போட்டேன், பௌர்ணமின்னா டெமோவ ஒருநாள் தள்ளலாமானு. நீங்கதான் 'முடிந்தது'ல இழுத்துவிட்டீங்க."

ரெட்ரோ என்பது ஸ்பிரிண்ட் முடிவில் குறைகளைக் கார்டில் எழுதும் கூட்டம். அன்று நேரமாகிவிட்டது, படித்த கார்டையெல்லாம் முடிந்த கணக்கில் சேர்த்தேன். வெட்கமாக இருந்தது. இனி மாற்றிவிடுகிறேன், இருந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"வேற எடத்துல சேர ஒத்துக்கிட்டேன் முரளி. ரிலீஸ முடிச்சுக் குடுத்துட்டுதான் போவேன், கவலப்படாதீங்க."

ரிலீஸ் தப்பித்தது. நிம்மதி வரவில்லை.

போகிறவர்களுக்கு: பௌர்ணமியன்று தடுப்பிலிருந்து அடி அண்ணாமலைக்கு நடக்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆபீஸ் வேலையை நம்பிப் போகாதீர்கள். குழு நடத்துகிறவர்கள், ராஜினாமா வருமுன்பே போங்கள்.

திரும்பும் பஸ்ஸில், வெளியூரிலிருந்து வேலை பார்க்கும் இன்னொருவர் நினைவுக்கு வந்தார். மூன்று வருடமாக எங்கள் குழுவில் இருக்கிறார். அவர் எந்த ஊர் என்று எனக்குத் தெரியவில்லை. செஞ்சி தாண்டியதும் ஃபோன் செய்து, உங்களுக்கு எந்த ஊர் என்று கேட்டேன்.

"ஏன் முரளி, என்னை வேலையை விட்டுத் தூக்கப் போறீங்களா?" என்றார்.