ஒசாகாவில் நின்ற கருப்பசாமி

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டு ரதி அன்ரி கதவைத் தட்டினார். பள்ளிக்கூடத்தில் புத்தக வாரமாம், பிள்ளைகள் எல்லாரும் வேஷம் போட்டுக்கொண்டு போக வேண்டுமாம். அவர் மகளுக்குக் கிளி வேஷம்.

"தம்பி, உந்தச் செட்டை ஒட்டுப்படுதில்லை. உங்களிட்ட க்ளூ கன் கிடக்கெல்லோ? கொஞ்சம் ஒட்டித் தாங்கோவன்."

கிடந்தது. மூன்று வருடமாக அலமாரியின் அடித்தட்டில்தான் கிடந்தது. மின்சாரத்தில் மாட்டி, சூடேறி, பசை உருகி ஃபோம் அட்டையில் பட்டதும் ஒரு வாசனை வந்தது பாருங்கள், கருகிய ரப்பர் செருப்பில் சர்க்கரைப் பாகு ஊற்றின மாதிரி. கிளியின் இடது சிறகைக் கோணலாக ஒட்டிவிட்டேன். அன்ரி பெருந்தன்மையாக அதையே வாங்கிக்கொண்டு போனார்.

அந்த வாசனை என்றால் எனக்கு தினா ஞாபகம்தான். என்னோடு ஒசாகாவுக்கு வந்தவன், திரும்பி சிட்னிக்கு வரவில்லை. பயந்துவிடாதீர்கள், ஆள் நன்றாக இருக்கிறான். ஆனால் அவன் வராமல் போனதற்குக் காரணம் நான் சொன்ன ஒரு பொய். அது இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

அப்போது சிட்னியின் வென்ட்வேர்த்வில் பகுதியில் ஒரே வீட்டில் இருந்தோம். நான் எப்படிப்பட்ட ஆள் என்றால், காலையில் ரொட்டி சுடுகிற காணொளி பார்த்தால் மாலைக்குள் ஐந்து கிலோ மாவு வாங்கி வைத்துவிடுவேன். அப்படித்தான் ஒசாகாவும். மின்னணுக் கடைகள் நிறைந்த ஒரு தெருவை மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு வண்டிகளுக்கு அடைத்துவிடுகிறார்கள், ஆயிரக்கணக்கான பேர் வேஷம் கட்டி நடக்கிறார்கள், வெளியூர்க்காரர்களும் சேர்ந்துகொள்ளலாம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அன்றைக்கே இரண்டு டிக்கெட் பார்த்துவிட்டேன்.

தினாவுக்கு ஒரு சிக்கல் இருந்தது. திருவிழா ஞாயிறு, அவனுடைய மாணவர் விசா முடிவது திங்கள், நாங்கள் திரும்புவது புதன். அடுத்த விசாவுக்கு விண்ணப்பித்திருந்தான். பழையது முடிந்ததும், புதியது வரும்வரைக்கான பிரிட்ஜிங் விசா தானாகவே தொடங்கிவிடும் என்று இந்தியக் கடைகள் நிறைந்த ஹரிஸ் பார்க்கில் ஜிலேபி வாங்க நிற்கிறவர்கள்கூடச் சொல்வார்கள். பரமட்டாவில் ஒரு பொறியியல் கம்பெனியில் அவனுக்கு வேலையும் சொல்லியிருந்தார்கள். விசா அறுபடாமல் தொடர்வதில்தான் எல்லாமே நின்றது.

"மச்சான், வெளிய போய்ட்டா அது செல்லுமாடா? எனக்கு ஏழு மணி வரைக்கும் ஷிஃப்ட். நீ வர்ற வழியில குலம் அங்கிள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடு."

குலம் அங்கிள் யாழ்ப்பாணத்துக்காரர், முறையான குடிவரவு முகவர். ஸ்டேஷன் பக்கத்து மளிகைக் கடைக்குப் பின்னால் ஓர் அறை, அவர் பேச்சில் சொன்னால் நாலு கதிரை, நம் நாற்காலிதான். வாய்க் கேள்விக்குக் காசு வாங்கமாட்டார். "சாப்பிட்டீரோ?" என்று கேட்டுவிட்டுத்தான் விசாவுக்கே வருவார்.

போனேன். நாலு கதிரையிலும் ஆள். ஹார்ட்வேர் கடை மூட இருபது நிமிடம், அங்கே கறுப்பு ஃபோம் அட்டை இரண்டுதான் மிச்சம் என்று போனில் சொல்லியிருந்தார்கள். அங்கிளை நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று அட்டைக்கு ஓடினேன்.

தினா வந்ததும் பையைக்கூட இறக்கவில்லை. "கேட்டியாடா?"

"கேட்டேன்டா. ஒண்ணும் பிரச்சினை இல்லையாம்."

"நெசமாவா?"

"ஆமாங்கிறேன்ல."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு பின்வாங்க முடியவில்லை. மறுநாள் மறந்தேன். மூன்றாம் நாள் நான் கேட்டது மாதிரியே எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. நீங்கள் நம்புவீர்களோ என்னவோ, அங்கிள் தலையாட்டினதுகூட எனக்கு ஞாபகம் வந்தது.

வேஷத்துக்கு நான் ரோபோ என்றேன். "ரோபோ ஆயிரம் பேர் வருவான். நாம கருப்பசாமி" என்றான் தினா. அது அவர்கள் குலதெய்வம். அரிவாள், உருமால், கன்னம் தாண்டின மீசை. கரூருக்குப் போன் போட்டு அம்மாவிடம் அனுமதி கேட்டான். "செருப்பு போடாம நின்னாச் சரி. சாராயம் அவருக்குத்தான், உனக்கில்ல" என்றார் அம்மா. சாமிக்கு ஒரு குதிரை வேண்டுமே? சந்தேகம் வேண்டாம், குதிரை நான்தான். அரிவாளையும் குதிரைத் தலையையும் ஃபோம் அட்டையில் வெட்டி, அந்த க்ளூ கன்னால்தான் ராத்திரி ராத்திரியாக ஒட்டினோம். அன்றைக்கு ஒசாகாவை நான் பார்த்ததெல்லாம் குதிரை வாய் வழியாக.

வேஷத்தோடு ரயிலில் வரக்கூடாது என்பது அவர்கள் ஒழுங்கு. ஒரு கூடத்தில் உடை மாற்றிக்கொண்டோம். அங்கே ஒரு அம்மாள் எங்கள் அரிவாளை இரண்டு விரலால் வளைத்துப் பார்த்து, மெத்தென்று இருக்கிறது என்று உறுதி செய்து, மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார். ஸ்டிக்கர் ஒட்டின கருப்பசாமி!

தெருவில் யாரும் கேட்காமல் படம் எடுக்கவில்லை. பிடித்த வேஷத்துக்கு முன்னால் வரிசை கட்டுகிறார்கள். பத்திலிருந்து கீழே எண்ணி, பூஜ்யம் வந்ததும் எல்லாரும் கேமராவை இறக்கிவிடுகிறார்கள். தினாவுக்கு முன்னால் வரிசை கடை முனை வரைக்கும் போனது. ஒரு பையன் உடைந்த ஆங்கிலத்தில் எந்த கேம் என்று கேட்டான்.

"நோ கேம்" என்றான் தினா. "மை ஃபேமிலி காட்."

அந்தப் பையன் கேமராவைத் தோளில் போட்டான். இரண்டு தடவை கைதட்டி, குனிந்து கும்பிட்டான். அவர்கள் கோயிலில் கும்பிடுகிற முறை அது. பின்னால் நின்றவர்களும் தட்டினார்கள். குதிரைக்குள் எனக்குப் புல்லரித்துவிட்டது.

நல்ல குளிர். வெறுங்காலில் நின்றவனைப் பார்த்து முயல்காது வைத்த ஒரு பெண் சூடு தருகிற சின்னப் பொட்டலங்கள் இரண்டைக் கொடுத்தாள். தினா அவற்றை மிதித்துக்கொண்டு நின்றான்.

"மூணு வருஷமா சிட்னியில என் பேரைக்கூட ஒருத்தனும் ஒழுங்காச் சொல்லல. இங்க கும்புடுறானுங்கடா" என்றான். "வேலையில சேந்துட்டு வருஷா வருஷம் வரணும்."

புதன்கிழமை விமான நிலையத்தில் என் பாஸ்போர்ட் உடனே வந்துவிட்டது. அவனுடையதைக் கவுண்டரில் இருந்த பெண் கணினியில் தட்டினார், மறுபடி தட்டினார், இன்னொருவரைக் கூப்பிட்டார், இருவருமாகக் குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். பிரிட்ஜிங் விசா நாட்டுக்குள் இருக்கிறவனுக்குத்தான் தொடங்கும். வெளியே போய்த் திரும்புவதற்குத் தனி அனுமதி முன்பே வாங்கியிருக்க வேண்டும். குலம் அங்கிள் அரை நிமிடத்தில் சொல்லியிருக்கக்கூடிய விஷயம்.

"அங்கிள் சரின்னுதானடா சொன்னாரு?" என்றான்.

இரண்டு கைகளாலும் பெட்டிப் பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "ஆமாடா" என்றேன்.

"நீ போ மச்சான். ரெண்டு வாரத்துல வந்துடுறேன்."

போனேன். மறுநாள் எனக்கு ஆபீஸ் இருந்தது. அவன் திருச்சிக்குப் பறந்தான். விண்ணப்பம் நிலுவையில் கிடந்தது. பரமட்டா கம்பெனி மூன்று வாரம் பொறுத்துவிட்டு வேறொருவரை எடுத்துக்கொண்டது. வாடகை தாங்காமல் அவன் அறையை வேறு ஆளுக்கு விட்டோம். அவன் பெட்டிகளை நான்தான் கட்டி அனுப்பினேன். இப்போது தோஹாவில் இருக்கிறான். பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புகிறோம், அவ்வளவுதான்.

போகட்டும் என்று இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஊருக்குப் போன முதல் மாதம், ஆத்திரத்தில், சிட்னித் தமிழர் முகநூல் குழுவில் தினா ஒரு பதிவு போட்டான். குலம் அங்கிள் பேரைப் போட்டு, தவறான ஆலோசனை சொல்லி என் வாழ்க்கையைக் கெடுத்தார், யாரும் அவரிடம் போகாதீர்கள் என்று. கீழே நீளநீளமாகக் கருத்துகள். நான் போய்க் கேட்டதாக எழுதி, தினா என்னையும் அதில் இணைத்திருந்தான். நான் ஒரு லைக் போட்டேன்.

கிளிச் சிறகு ஒட்டின மறுநாள் வென்ட்வேர்த்வில் பக்கம் போனேன், காரணம் உங்களுக்கே தெரியும். மளிகைக் கடை இருக்கிறது. பின்னால் அந்த அறையில் புருவம் திருத்துகிறார்கள். நாலு கதிரையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. வெளியே வரும்போது முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு அவரே நின்றார். இளைத்திருந்தார்.

"தம்பி! சாப்பிட்டீரோ?"

சாப்பிட்டேன் என்றேன். ஏன் அங்கிள் மூடினீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"உம்மட கூட்டாளிப் பெடியன்ர விசயம்தான். நீர் வந்து கேட்டனீர் எண்டு எழுதியிருந்தவர். நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்த்தனான், நீர் வந்ததே எனக்கு ஞாபகம் வரேல்ல. அப்பதான் பயம் பிடிச்சது. என்ன சொல்றன் எண்டு தெரியாமல் மற்றாக்களுக்குச் சொல்லக்கூடாதெல்லோ. மூடிப்போட்டன்." முருங்கைக்காயைக் கீழே வைத்தார். "அந்தப் பெடியனிட்ட நான் மன்னிப்புக் கேட்டதெண்டு சொல்லும்."

உண்மை வாய் வரைக்கும் வந்தது. கடைக்காரப் பெண் தராசோடு காத்துக்கொண்டு நின்றாள்.

"பரவாயில்ல அங்கிள்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து, நன்றி சொன்னார்.