கொடியில் காய்ந்த ஒட்டுப்போர்வை

இன்று ஆராதனைக்குப் போகும் வழியில் தையல் மிஷின் எண்ணெய் வாசம் வந்ததும், ராஜபாளையத்தில் மில்லுக்குப் பின்னால் இருந்த, இப்போது இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட எங்கள் லைன் வீடு நினைவுக்கு வந்துவிட்டது. அம்மா ஜெபம் பண்ணிவிட்டுத்தான் மிஷினில் உட்காருவாள். அக்கம்பக்கத்தாரின் ரவிக்கைகளைத் தைத்து மிஞ்சிய துண்டுகளையெல்லாம் ஒட்டுப்போட்டு எங்களுக்கு ஒரு போர்வை தைத்தவள், அதைத் துவைத்து, எல்லோரும் போய்வருகிற வாசல் கொடியிலேயே காயப்போட்டுவிட்டாள்.

பக்கத்து வீட்டு மேரிப் பெரியம்மா அதைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏட்டி, இது என் ஊதா ரவிக்கைத் துணில்லா? பத்தலன்னு சொல்லி கையைக் குட்டையா வச்சியே! உன் போர்வைக்கு மட்டும் எம்புட்டு நீளமா இருக்கு!"

லைனே சிரித்தது. அம்மா உள்ளே போய்க் கத்தரியை எடுத்துவந்து அந்தத் துண்டை வெட்டப் போனாள்.

"விடுட்டி, பிள்ளைகளுக்குக் குளிரும்லா" என்று பெரியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் சிரித்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அந்த இரக்கத்தைத் தாங்க முடியாமல் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

அதற்குப் பிறகு அம்மா விரலளவு துண்டையும் சுருட்டி ரவிக்கைக்குள் வைத்தே கொடுத்தாள். "இத வச்சு நான் என்னத்தக்கா செய்ய?" என்று யாராவது விவரம் தெரியாமல் கேட்டால், அம்மாவும் நானும் தரையைப் பார்ப்போம்.