காதுகுத்துக்கு ஒரு விமானம்

ஆர்ட்மோர் விமானத் திடலில் தூறல் நிற்கவில்லை. யாழ்ப்பாணத்து டாக்டர் அண்ணன் தன் நான்கு இருக்கை விமானத்தின் இறக்கையடியில் நின்று வானத்தையே பார்க்கிறார். மலைக்கு அந்தப் பக்கம் கிஸ்போர்ன் ஊரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறவர், எனக்கும் ஓர் இடம் தந்திருக்கிறார். அங்கே இன்று காலை என் அக்கா மகனுக்குக் காதுகுத்து. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள இந்த நாட்டில் அவனுக்கு இருக்கும் ஒரே தாய்மாமன் நான்.

“மேகம் மலையில இறங்கியிட்டுது தம்பி. இண்டைக்குப் போகேலாது.”

“மேகத்துக்கு மேல போக முடியாதாண்ணே?”

“ஓம், ஏறலாம். இறங்கிறதுதான் எங்கயெண்டு தெரியாது.”

சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், படித்து, கடல் தாண்டி வந்தவன் நான். இந்த ஒரு மலையைத் தாண்ட வழியில்லை. காரில் கிளம்பினால் போய்ச் சேரச் சாயங்காலம் ஆகிவிடும்.

விமானக் கிளப் அறைத் தொலைபேசியில் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்கிறேன்.

“காது குத்துற பொண்ணு வந்து உட்கார்ந்திருக்குடா. திருப்பி அனுப்ப முடியாது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் மடியில வச்சுக்கட்டுமா?”

“வச்சுக்கட்டும் அக்கா.”

அவள் அந்தப் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் ஏதோ சொல்வது கேட்கிறது.

“சரிங்கிறாரு. பாவம், கோட்டெல்லாம் போட்டுட்டு வந்திருக்காரு. மாமன்னா என்ன செய்யணும்னு கேட்கிறாருடா.”

வெளியே டாக்டர் அண்ணன் விமானத்துக்கு உறை போர்த்திக்கொண்டிருக்கிறார்.

“பிள்ளை அழும்போது கையை விட்டுடக் கூடாதுன்னு சொல்லுக்கா.”