ஒரு கண் திறந்த ஜெபம்

எங்கள் ஊர்த் தேவாலயத்து உபதேசியார் ஜெபம் சொல்லும்போது ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருப்பார். நானும் மூடாததால் எனக்குத் தெரியும். ஒல்லி உடம்பு, பின்கழுத்துக் காலரில் தொங்கும் குடை. யாரை வேவு பார்க்கிறாரோ என்று எனக்கு எப்போதும் சந்தேகம்.

நடவுக்கு ஆள் கிடைக்காத அளவுக்கு எல்லாரும் வெளிநாடு போன காலம் அது. குவைத்தில் கட்டட வேலைக்குப் போன என் அண்ணன் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பொடிந்து திரும்பினான். பார்க்க வந்தவர்களெல்லாம் அங்கே என்ன பாவம் செய்தானோ என்று மோப்பம் பிடித்தார்கள். உபதேசியாரும் அதற்குத்தான் வந்திருப்பார் என்று நான் கதவோரம் நின்றேன்.

அண்ணனே கேட்டுவிட்டான்.

"உபதேசியாரே, இது ஆண்டவர் எனக்குக் கொடுத்த தண்டனையா?"

"இடுப்புல கயிறு கட்டி விட்டாங்களா தம்பி?"

"இல்லைங்க."

"அப்ப ஆண்டவரை ஏன் இழுக்குற? கட்டாம ஏத்தினவன் பாவம் அது."

அண்ணன் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டான். நானும் அவரைத் தப்பாக நினைத்துவிட்டேனோ என்றிருந்தேன்.

அடுத்த மாதம் எதிர்வீட்டில் புது மாடியை ஆசீர்வதிக்கும் மந்திரிப்பு. அவர்கள் பிள்ளையும் குவைத்தில்தான். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து முடித்ததும் உபதேசியார் எழுந்தார். "இந்தக் குடும்பத்தோட பக்திக்கு ஆண்டவர் கொடுத்த வெகுமதி இது" என்று முழங்கினார்.

பந்தியில் இலை போடுகிற சாக்கில் கிட்டே போனேன்.

"விழுந்தது தண்டனை இல்லைன்னா, மாடி மட்டும் எப்படிங்க வெகுமதி?"

என்னையே பார்த்தார். பிறகு, "சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபிப்போம்" என்றார்.

அன்று இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டார். ஜெபிக்கத்தானா, என்னைப் பார்க்காமலிருக்கவா என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.