விரல் நீட்டாத படங்கள்

ரப்பர் தூளை ஊதித் தள்ளிவிட்டு, அதே இடத்தில் அதே கோட்டை மறுபடி இழுக்கிறாள். அதுவும் பிடிக்கவில்லை, மறுபடி ரப்பர். வரைவதைவிட அழிப்பது அதிகம் என்பதால் பதிப்பகத்தில் எல்லோருக்கும் அவள் ‘ரப்பர் அக்கா’. கோடு இழுக்கும்போது மூச்சு விட மாட்டாள். அந்த நேரம் பார்த்துப் போன் செய்தவர் பாடு திண்டாட்டம்தான்.

காட்டில் வாழும் பழங்குடிகளைப் பற்றிய படப் புத்தகம். எழுதுவது அந்தக் குடியிலேயே பிறந்து, நகரத்து மருத்துவமனையில் வேலை பார்க்கும் நர்ஸ். படங்கள் அக்கா. ஆரம்பித்தபோது பால் பல் விழாத அக்காவின் மகள் இப்போது சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள்.

“உன் புக்கு வர்றதுக்குள்ள எனக்குப் பேரனே வந்துருவான் போல” என்பார் கணவர். வாய்தான் அப்படி. ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு, காட்டுப் பெரியவராகக் கையை நீட்டி நிற்பதும் அவர்தான். தொப்பையை அக்கா தாளில் கரைத்துவிடுவாள்.

அந்தக் கைதான் வினையாகப் போயிற்று. வண்ணம் பூசிய படங்களை முதன்முறையாக மொத்தமாகத் தரையில் பரப்பிய அன்று நர்ஸ் ஒவ்வொரு படமாகக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்கக்கா. எங்காளுங்க எதையும் விரல் நீட்டிக் காட்ட மாட்டாங்க. பாதையக்கூட மோவாயாலதான் காட்டுவாங்க. விரல நீட்டுனா திட்டுறதுன்னு அர்த்தம். இதுல எங்க பெரியவங்க பூராப் பேரும் யாரையோ திட்டிக்கிட்டே நிக்கிறாங்க.”

“மொதல்லயே சொல்லக் கூடாதா?”

“ஒண்ணு ரெண்டுதானேன்னு விட்டேன். இவ்ளோ கஷ்டப்பட்டு வரையறீங்க, சொல்ல வாய் வரல.”

பென்சிலுக்கு ரப்பர் உண்டு. காய்ந்த வண்ணத்துக்கு என்ன உண்டு? அக்கா எழுந்து புதுத் தாள் கட்டைப் பிரித்தாள்.

பதிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். “வாங்குறவங்களுக்கு இதெல்லாம் தெரியவா போகுது?”

“அந்தக் காட்டு ஆளுங்க வீட்லயும் புரட்டிப் பாப்பாங்க சார்.”

“அடுத்த மாசம் அச்சுக்குப் போகலேன்னா, இருக்கிற படத்தையே வெச்சு முடிச்சுருவேன்மா.”

“அடுத்த மாசம் தர்றேன். நீட்டுன விரலோட ஒரு படமும் இங்கேருந்து வெளிய போகாது.”

மோவாய் லேசில் வசப்படவில்லை. கொஞ்சம் தூக்கினால் திமிர், கொஞ்சம் தாழ்த்தினால் தூக்கம். கண்ணாடி முன் நின்று தானே செய்து பார்த்தாள். கணவருக்குக் கழுத்துச் சுளுக்கு. தைலம் தேய்த்துக்கொண்டே நின்றார். நர்ஸ் டியூட்டி முடிந்து வந்து பார்த்துவிட்டு, “கண்ணு மொதல்ல போகணும்க்கா, மோவாய் அது பின்னாலயே போகணும்” என்றாள். மறுபடி ரப்பர். மறுபடி மூச்சடக்கல்.

சொன்ன கெடுவுக்குப் பதிப்பாளர் வந்து நின்றார். மேசையில் ஒரு கட்டு, நாற்காலியில் ஒரு கட்டு, ஜன்னலோரம் ஒரு கட்டு. அக்கா கடைசிப் படத்தில் ஒரு கோட்டின் நடுவில் இருந்தாள். நர்ஸ் பக்கத்தில் நின்றாள்.

“இதுல எதும்மா அச்சுக்கு?”

அக்கா தாளிலிருந்து தூரிகையை எடுக்கவில்லை, மூச்சும் விடவில்லை. கண் ஜன்னலோரம் போனது. பின்னாலேயே மோவாயும் போனது.